ஒரு மீட்டரைத் தாண்டினால் நிற்கும் எக்ஸ் அச்சு: பர்கூர் கல் பட்டறையில் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் கோளாறு

இயந்திரம், கல்லில் எழுத்து வெட்டும் சி.என்.சி. ரவுட்டர், அதாவது பதிந்த நிரல்படி தானாக ஓடும் வெட்டு இயந்திரம். மேசை அளவு 900க்கு 1,500 மி.மீ. இடம் கிருஷ்ணகிரி மாவட்டம், பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறை. புகார் ஒரே வரிதான்: எக்ஸ் மோட்டார் (வெட்டும் தலையை இடமும் வலமும் நகர்த்துவது) ஓடவில்லை, டிரைவரையும் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் மின்பெட்டி) மோட்டாரையும் புதிதாக மாற்றியும் ஓடவில்லை.

அந்த வரியின் பின்பாதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார் லேசில் கெடுகிற பொருள் அல்ல. உள்ளே கார்பன் பிரஷ் கிடையாது. தேய்கிற பாகம் என்றால் இரண்டு பேரிங் மட்டும். தண்ணீர் புகுந்தாலோ, நெடுநாள் அளவுக்கு மீறிச் சூடானாலோ காயில் (உள்ளே சுற்றிய செம்புக் கம்பி) போகலாம். டிரைவர் அதைவிடக் கொஞ்சம் சுலபமாகப் போகும். ஆனால் பழைய இரண்டும் கெட்டு, புதிதாக வாங்கிய இரண்டும் கெட்டதாக அமைவது நடக்காத காரியம். அப்படியென்றால் ஒன்று, கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அல்லது, மாற்றும்போது புதிதாக ஒரு கோளாறு சேர்ந்திருக்கிறது. இந்தப் பட்டறையில் இரண்டுமே நடந்திருந்தது. அவற்றைப் பிரித்தெடுத்த விதத்தைத்தான் எழுதுகிறேன்.

இயந்திர அமைப்பு

மேசையின் குறுக்கே பாலம்போல நிற்கும் கேன்ட்ரி, ஒய் அச்சில் முன்னும் பின்னும் போகும். எக்ஸ் மோட்டார் அந்தக் கேன்ட்ரியின் மேலேயே உட்கார்ந்து, பால் ஸ்க்ரூ (மரைத் தண்டு) வழியாக, டூலைச் சுற்றும் ஸ்பிண்டில் தலையை இடமும் வலமும் நகர்த்தும். ஆகவே எக்ஸ் மோட்டாருக்குப் போகும் கேபிள், பேனலிலிருந்து கிளம்பி, மேசையின் பக்கவாட்டில் உள்ள டிராக் செயினுக்குள் (கேபிளைச் சுமந்து மடங்கும் கண்ணிச் சங்கிலி) நுழைந்து, கேன்ட்ரியோடு சேர்ந்து காலம் முழுக்க மடங்கிக்கொண்டே இருக்கும்.

மோட்டார்கள் நீமா 34 அளவு, முகம் 86 மி.மீ. சதுரம், நான்கு ஒயர். ஒரு படிக்கு 1.8 டிகிரி, சுற்றுக்கு 200 படி. டிரைவர்கள் 860 வகை, ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து 70 வோல்ட் ஏசி. கட்டளை கொடுப்பது கையடக்க டி.எஸ்.பி. கன்ட்ரோலர், கல், மர வேலைப் பட்டறைகளில் கணினிக்குப் பதில் இதைத்தான் அதிகம் வைத்திருக்கிறார்கள்.

மோட்டார் நகர்ந்ததை அளந்து சொல்லும் என்கோடர் எதுவும் கிடையாது. கன்ட்ரோலர் பல்ஸ் (மின் துடிப்பு) அனுப்பும். மோட்டார் அதன்படி நகர்ந்துவிட்டது என்று நம்பிக்கொள்ளும். திரையில் ஓடும் எக்ஸ் எண், கன்ட்ரோலர் சொன்ன இடத்தைக் காட்டுகிறதே தவிர, தலை போய்ச் சேர்ந்த இடத்தை அல்ல. மோட்டார் அப்படியே நின்றாலும் திரையில் எண் ஓடிக்கொண்டிருக்கும். ஒய்யும், ஸ்பிண்டிலை ஏற்றி இறக்கும் இசட்டும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கல் மட்டும் கெட்டுப்போகும்.

சொன்ன கதை

இயந்திரத்தை ஓட்டுகிற தம்பி சொன்னது: “நல்லா ஓடிட்டே இருக்கும்ணா. திடீர்னு எக்ஸ் மட்டும் நின்னுக்கும். ஒரே எடத்துல உதறும். ஸ்பிண்டில் மட்டும் எறங்கி எறங்கி ஏறும். ஆஃப் பண்ணி ஹோம் அடிச்சா மறுபடியும் ஓட ஆரம்பிச்சிரும்.” ஹோம் அடிப்பது என்றால் தலையைத் தொடக்க மூலைக்குத் திருப்பி அனுப்புவது.

பட்டறைக்காரர் சொன்னது வேறு. “கரண்ட்தாங்க பிரச்சினை. சாயங்காலம் ஆனா டல்லடிக்குது. அந்த நேரத்துலதான் நிக்குது.” அதற்காக ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கி வைத்துவிட்டார். ஸ்டெபிலைசர் வந்த பிறகும் நின்றது.

இதற்கு முன்னால் வந்த மெக்கானிக் முதலில் டிரைவரை மாற்றியிருக்கிறார். கொஞ்ச நாள் ஓடியிருக்கிறது. டிரைவர்தான் என்று முடிவு செய்து பணமும் வாங்கிக்கொண்டார். பிறகு மறுபடி நின்றதும் மோட்டாரை மாற்றியிருக்கிறார். அன்றிலிருந்து எக்ஸ் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை.

ஆகக் கையில் இருந்தது இரண்டு புகார்கள். பழையது: எப்போதாவது நிற்கும், ஹோம் அடித்தால் சரியாகும். புதியது: எப்போதும் ஓடாது. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கிடக்கிற நிலையில் புதியதைத்தான் முதலில் தீர்க்க முடியும். அது தீராமல் பழையதைப் பார்க்கவே முடியாது.

கையால் பார்த்தது

மீட்டரை எடுப்பதற்கு முன் கை. ஸ்பிண்டிலை ஆஃப் செய்து, அதன் பவரைத் தனியாக எடுத்துவிட்டு, மற்றதை ஆன் செய்து, மோட்டார் ஷாஃப்ட்டையும் பால் ஸ்க்ரூவையும் இணைக்கும் எக்ஸ் கப்ளிங்கைத் திருகிப் பார்த்தேன். ஸ்டெப்பர் மோட்டாரின் டிரைவருக்குக் கரண்ட் வந்து, காயில் இரண்டிலும் அது ஓடினால், நிற்கும்போதே ஷாஃப்ட் இறுகிப் பிடித்திருக்கும். நீமா 34 அளவு மோட்டாரை அந்த நிலையில் விரலால் திருகவே முடியாது.

இந்த ஒரு சோதனையிலேயே கோளாறு எந்தத் தெருவில் இருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். ஷாஃப்ட் இறுகியிருந்து, ஜாக் (பட்டனை அழுத்தி நகர்த்தும் கட்டளை) கொடுத்தால் சத்தமே இல்லாமல் அப்படியே நின்றால், டிரைவரும் மோட்டாரும் கேபிளும் அநேகமாக நல்லவை, பல்ஸ்தான் வரவில்லை. கன்ட்ரோலரிலிருந்து டிரைவருக்கு வரும் சிக்னல் ஒயரைப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் சுத்தமாகத் தளர்ந்திருந்தால் டிரைவருக்குப் பவர் இல்லை, அல்லது எனேபிள் முனை டிரைவரை அணைத்து வைத்திருக்கிறது. இந்த வகை டிரைவர்களில் எனேபிளில் ஒயரே கொடுக்காவிட்டால் டிரைவர் வேலை செய்யும். அங்கே கரண்ட் போனால்தான் அணையும். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு, இல்லாத கோளாறைத் தேடுகிறார்கள். இறுகியும் இல்லாமல் தளர்ந்தும் இல்லாமல், ஜாக் கொடுத்தால் நின்ற இடத்திலேயே உதறினால், பெரும்பாலும் காயில் பக்கத்துக் கோளாறு: ஒரு ஃபேஸ் (ஒரு காயிலின் சுற்று) அறுந்திருக்கும், அல்லது ஒயர் ஜோடி மாறியிருக்கும். ஆக்சலரேஷன் அளவு தாறுமாறாக இருந்தாலும் உதறும். ஆனால் அப்போது நிற்கையில் ஷாஃப்ட் நன்றாக இறுகியிருக்கும்.

இங்கே மூன்றாவது வகை. கப்ளிங் அரைகுறையாகப் பிடித்தது. ஜாக் கொடுத்தால் ‘டர்ர்’ என்று உதறியது, சுற்றவில்லை. அந்த உதறலே எனக்கு ஒரு வேலையை மிச்சப்படுத்தியது: பல்ஸ் வந்தால்தான் உதறும். ஆகவே கன்ட்ரோலரையும் சிக்னல் ஒயரையும் அப்போதைக்கு ஒதுக்கிவிட்டேன். டிரைவரில் பச்சை விளக்கு எரிந்தது, சிவப்பு எரியவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஷார்ட் ஆனாலோ வோல்டேஜ் கூடினாலோ சிவப்பு எரியும். ஃபேஸ் அறுந்ததைக் கண்டுபிடித்துச் சொல்லும் திறமை எல்லா டிரைவருக்கும் கிடையாது.

பவரை எடுத்துவிட்டுப் பால் ஸ்க்ரூவைக் கையால் சுற்றினேன். முழு நீளத்துக்கும் வழுக்கிக்கொண்டு போனது. கல் பட்டறைகளில் எல்.எம். கைடுக்குள் (தலை ஓடும் தண்டவாளம்) கல் மாவு போய் இறுகிக்கொள்வது வழக்கமான சங்கதி என்பதால் இதை விட்டுவிடக் கூடாது. கப்ளிங்கின் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அதை ஷாஃப்ட்டில் இறுக்கும் கிரப் ஸ்க்ரூவையும் பார்த்தேன்; நழுவல் இல்லை.

நிறத்தைப் பார்த்து மாட்டிய ஒயர்

மெயின் பிரேக்கரை இறக்கி, டிரைவர் விளக்குகள் அணையும் வரை காத்திருந்து, எக்ஸ் டிரைவரின் மோட்டார் கனெக்டரைக் கழற்றினேன். காத்திருப்பது சும்மா இல்லை: உள்ளே கெபாசிட்டரில் கரண்ட் மிச்சம் இருக்கும்போது மோட்டார் கனெக்டரைப் பிடுங்கினால் டிரைவரின் வெளியீட்டுப் பகுதி அடிபடும். ஸ்டெப்பர் டிரைவர்களைக் கொல்வதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

கழற்றிய கனெக்டரில் அளந்தேன். ஏ முனை இரண்டும் ஒரு காயிலுக்கு, பி முனை இரண்டும் இன்னொன்றுக்கு. ஏ ப்ளஸ்ஸுக்கும் ஏ மைனஸுக்கும் நடுவே தொடர்பு இல்லை. பி ப்ளஸ்ஸுக்கும் பி மைனஸுக்கும் நடுவேயும் இல்லை. ஆனால் ஏ ப்ளஸ்ஸுக்கும் பி மைனஸுக்கும் நடுவே 0.9 ஓம். ஏ மைனஸுக்கும் பி ப்ளஸ்ஸுக்கும் நடுவே அதே 0.9. மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் 0.3 காட்டியது, அதைக் கழித்தால் காயில் 0.6 ஓம். இவ்வளவு சிறிய அளவுகளில் மீட்டர் ஒயரின் ஓமைக் கழிக்காமல் படிப்பது வீண்.

காயில் இரண்டும் நல்லவை, ஜோடி மாறி மாட்டப்பட்டிருக்கிறது. பழைய மோட்டாரில் சிவப்பும் பச்சையும் ஒரு காயில், மஞ்சளும் நீலமும் இன்னொரு காயில். புதிய மோட்டாரில் மஞ்சளே இல்லை, கறுப்பு இருக்கிறது. அதில் கறுப்பும் பச்சையும் ஒரு காயில், சிவப்பும் நீலமும் இன்னொன்று. முந்தைய மெக்கானிக் சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பு, பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம் என்று மாட்டி, மிச்சம் இருந்த கறுப்பை மஞ்சள் இருந்த இடத்தில் செருகியிருக்கிறார். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டெப்பர் ஒயர் நிறத்துக்கு எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

டேட்டா ஷீட் கையில் இல்லாதபோது மீட்டர்கூட வேண்டாம். மோட்டாரின் நான்கு ஒயரையும் தனித்தனியாக விட்டு ஷாஃப்ட்டை விரலால் சுற்றிப் பாருங்கள், லேசாகப் பல்பல்லாகச் சுற்றும். எந்த இரண்டு ஒயரை ஒன்றாக முறுக்கினால் ஷாஃப்ட் சட்டென்று கனக்கிறதோ அந்த இரண்டும் ஒரே காயில். புதிய மோட்டாரில் கறுப்பையும் பச்சையையும் சேர்த்து முறுக்கி அந்தத் தம்பியையே சுற்றச் சொன்னேன். பட்டறையில் இனி மோட்டார் மாற்றினால் அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஜோடியைச் சரிசெய்து ஆன் செய்ததும் ஷாஃப்ட் இறுகியது, ஜாக் கொடுத்ததும் தலை நகர்ந்தது. திசை தலைகீழாக இருந்தது. ஒரு ஜோடியின் இரண்டு முனைகளை மட்டும் மாற்றியதில் அதுவும் நேரானது.

ஆனால் 100 மி.மீ. போகச் சொன்னால் 50 மி.மீ.தான் போனது. புதிய டிரைவரின் டிப் சுவிட்சுகளை (அளவுகளை அமைக்கும் குட்டிச் சுவிட்சுகள்) யாரும் தொடவில்லை, பெட்டியிலிருந்து வந்தபடியே மாட்டியிருக்கிறார்கள். பழைய டிரைவரில் சுற்றுக்கு 1,600 பல்ஸ், புதியதில் 3,200. பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகரும். கன்ட்ரோலரில் மி.மீட்டருக்கு 160 பல்ஸ் என்று பதிந்திருக்கிறது, அது 1,600க்குத்தான் சரி. கரண்ட் அளவுக்கான சுவிட்சுகளும் வேறு மாதிரி இருந்தன. பழைய டிரைவரைப் பக்கத்தில் வைத்து எல்லாச் சுவிட்சையும் அப்படியே மாற்றினேன். அடுத்த முறை 100க்கு 100.

ஒரு சந்தேகம் எழலாம்: டிரைவர் மாற்றிய பிறகு கொஞ்ச நாள் ஓடியது என்றார்களே, அப்போது எழுத்து பாதி அகலத்தில் வந்திருக்க வேண்டுமே? வந்திருக்கிறது. தம்பி டிசைனில் எக்ஸை மட்டும் இரண்டு மடங்கு இழுத்துவிட்டு ஓட்டியிருக்கிறான். வேலை நடக்க வேண்டுமே!

தூரம் காட்டிய கற்கள்

எக்ஸ் ஓடியதும் பட்டறைக்காரர் பெரிய கல்லை ஏற்றச் சொல்லிவிட்டார். நான் தடுத்தேன். நான் தீர்த்தது முந்தைய ரிப்பேர் உண்டாக்கிய கோளாறுகளை மட்டும்தான். டிரைவர் மாற்றுவதற்கு முன்பே எக்ஸ் எதற்காக நின்றது என்பதற்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை.

பழைய மோட்டாரை மேசைமேல் வைத்துச் சோதித்தேன். இரண்டு காயிலும் 0.6, பாடிக்குத் தொடர்பு இல்லை, ஒயரை முறுக்கினால் ஷாஃப்ட் கனக்கிறது. நல்ல மோட்டார். பழைய டிரைவரை அதன் இடத்தில் மாட்டிப் பார்த்தேன், அதுவும் ஓடியது. குப்பைக்குப் போக இருந்த இரண்டு பொருளும் நல்ல பொருள்கள்.

துப்பு கிடைத்தது காம்பவுண்டு சுவர் ஓரத்தில். கெட்டுப்போன கற்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாம் பாலிஷ் போட்ட கறுப்புக் கிரானைட். கல்லறைக் கல்லும் கோயில் திருப்பணிக் கல்வெட்டும். (பாரடைசோ மாதிரி இந்தப் பக்கத்துப் பல நிறக் கற்களை எழுத்து வேலைக்கு எடுப்பதில்லை, கறுப்பில் வெட்டினால்தான் எழுத்து வெளுப்பாகத் தெரியும்.) நடுகற்களுக்குப் பேர்போன தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கல் எழுத்தைப் படிக்க வருகிறவர்கள் நிறையப் பேர். நான் படித்தது எழுத்தை அல்ல, அது நின்ற இடத்தை.

எக்ஸ் நின்று ஒய்யும் இசட்டும் ஓடினால் ஒவ்வொரு எழுத்தும் அகலம் இழந்து வெறும் நெட்டுக்கோடாகிவிடும், எல்லாம் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும். கற்களில் அப்படித்தான் ஆழமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இந்தப் பட்டறையில் கல்லை எப்போதும் ஹோம் மூலையில் உள்ள தடுப்புகளில் முட்டித்தான் வைப்பார்கள். வெட்டுவதும் ஹோம் பக்கத்தில் தொடங்கித் தூரம் போவதாகவே இருக்கும். ஆகவே கல்லின் அடி விளிம்பிலிருந்து பள்ளம் வரை டேப் பிடித்தால், கேன்ட்ரி எங்கே இருந்தபோது கோளாறு வந்தது என்று தெரிந்துவிடும்.

எல்லாக் கல்லிலும் பள்ளம் ஒரு மீட்டரைத் தாண்டியதும் தொடங்கியது. சென்டிமீட்டர் கணக்கில் முன்பின் இருக்கலாம், அவ்வளவுதான். பெரும்பாலானவற்றில் தம்பி அங்கேயே இயந்திரத்தை நிறுத்தியிருந்தான். ஒரே ஒரு கல்லில் மட்டும், அவன் சாப்பிடப் போன நேரம், நிரல் கடைசி வரை ஓடியிருந்தது. பட்டறைக்கு அது பெரிய நஷ்டம். எனக்கு அதுதான் முழு சாட்சி. ஒரு மீட்டருக்கு மேல் சுமார் 1,200 மி.மீ. வரை எழுத்துகள் சிதைந்திருந்தன. அதற்கப்புறம் வந்த வரிகள் சுத்தமான எழுத்து, ஆனால் இரண்டு விரல் அகலம் வலது பக்கம் தள்ளி இருந்தன. அதாவது அந்த இருநூறு மி.மீ. தூரத்தில் மட்டும் எக்ஸ் செத்து, அதைத் தாண்டியதும் தானாக உயிர் பெற்றிருக்கிறது. விட்ட படிகளைக் கன்ட்ரோலர் அறியாததால் மிச்சமெல்லாம் தள்ளி விழுந்திருக்கிறது.

“சின்னக் கல்லுல இந்த மாதிரி வந்திருக்கா?” என்று கேட்டேன். தம்பி யோசித்துவிட்டு, “ரெண்டுக்கு மூணு அடி கல்லுல வந்ததே இல்லைங்கண்ணா” என்றான். மூன்று அடி என்றால் 914 மி.மீ. கேன்ட்ரி அந்தக் கெட்ட இடத்துக்குப் போகவே போகாது. டிரைவர் மாற்றிய பிறகு ஓடிய நாட்களில் ஏறியதெல்லாம் சின்னக் கற்கள் என்பதும் ஆர்டர் நோட்டைப் பார்த்ததில் தெரிந்தது. புது டிரைவர் எதையும் குணப்படுத்தவில்லை. ஒரு பாகத்தை மாற்றி, ஓடியதும் அதுதான் காரணம் என்று சொல்வதைச் சோதனையாக நான் கணக்கில் எடுப்பதில்லை. பழைய பாகத்தைத் திரும்ப மாட்டி, கோளாறும் திரும்ப வந்தால்தான் அது சோதனை. அந்த இரண்டாம் பாதியை யாரும் செய்வதில்லை, ஓடுகிற இயந்திரத்தை மறுபடி கெடுக்க மனசு வராது.

சாயங்காலக் கரண்டுக்கும் விளக்கம் கிடைத்தது. பெரிய கல்லை மதியம் ஏற்றுவார்கள். கேன்ட்ரி ஒரு மீட்டரைத் தொடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வோல்டேஜ் இறங்குவது உண்மை, ஆனால் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மூன்று அச்சுக்கும் ஒரே ட்ரான்ஸ்ஃபார்மர். வோல்டேஜ் காரணமாக இருந்தால் ஒய்யும் இசட்டும் சேர்ந்து தடுமாறியிருக்கும்.

எக்ஸ் கெடுகிறது, ஆனால் ஒய் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கெடுகிறது. எக்ஸ் கைடு இறுக்கமென்றால் எக்ஸின் இடத்தைப் பொறுத்து வந்திருக்க வேண்டும். ஒய் நகர்ந்தால் எக்ஸில் மாறக்கூடிய பொருள் ஒன்றே ஒன்று: டிராக் செயினுக்குள் போகும் கேபிள்.

செயினைத் திறக்காமலே இடம் குறித்தது

பவர் முழுக்க ஆஃப். பேனலில் எக்ஸ் கனெக்டரைக் கழற்றி, மோட்டார் முனையை அப்படியே மாட்டிவைத்து, கேபிளும் காயிலும் சேர்ந்த ஓமை அளந்துகொண்டே தம்பியைக் கேன்ட்ரியைத் தள்ளச் சொன்னேன். இதில் கவனிக்க இரண்டு உண்டு. எக்ஸ் தலை அசையக் கூடாது. அசைந்தால் மோட்டார் சுற்றி ஜெனரேட்டராகி வோல்டேஜ் உண்டாக்கும், ஓம் அளவு பொய் சொல்லும். கேன்ட்ரியையும் ஊர்ந்து போகும் வேகத்தில்தான் தள்ள வேண்டும்; வேகமாகத் தள்ளினால் ஒய் மோட்டார் உண்டாக்கும் கரண்ட் அதன் டிரைவருக்குள் பாயும், விளக்குகூட மின்னும்.

டிஜிட்டல் மீட்டரை வைத்துவிட்டுப் பழைய முள் மீட்டரை எடுத்தேன். கண நேரம் அறுந்து சேர்கிற ஒயரை டிஜிட்டல் மீட்டர் படித்து முடிப்பதற்குள் அது சேர்ந்துவிடும். முள் துள்ளுவது கண்ணுக்குத் தப்பாது. கிருஷ்ணகிரியில் எலக்ட்ரீஷியன்கள் பலர் முள் மீட்டரை மூட்டை கட்டிவிட்டார்கள். இந்த மாதிரி வேலைக்காக நான் ஒன்று வைத்திருக்கிறேன்.

ஏ ஜோடியில் முழு நீளத்துக்கும் முள் அசையவில்லை. பி ஜோடியில் ஒரு மீட்டர் வரை அசையவில்லை, தாண்டியதும் துடித்தது, அப்புறம் ஒரேயடியாக விழுந்தது. 1,200 தாண்டியதும் பழைய இடத்துக்கு வந்தது. கற்கள் சொன்ன கணக்கேதான்.

ஒரு ஃபேஸ் மட்டும் போனால் மோட்டார் ஏன் உதறுகிறது என்பதற்கு இங்கே ஒரு வார்த்தை. ஷாஃப்ட் ஒரு திசையில் சுற்ற இரண்டு காயிலும் கரண்ட் முன்பின்னாக மாற வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால், நேர் மேலே நிற்கும் சைக்கிள் பெடலை மிதிப்பது போலத்தான்: பலம் இருக்கும், எந்தப் பக்கம் சுற்றுவது என்ற திசை இருக்காது. முன்னும் பின்னும் ஆடி நிற்கும்.

செயினை முழுக்கப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. கேன்ட்ரி நகரும் தூரத்தில் பாதிதான் செயினின் மடிப்பு நகரும். கேன்ட்ரியை ஹோமில் வைத்து, மடிப்பின் நடுவில் சாக்பீஸால் குறி போட்டேன். கெட்ட இடத்தின் நடு 1,100 என்று கொண்டால் மடிப்பு 550 மி.மீ. நகர்ந்திருக்கும். குறியிலிருந்து செயின் வழியே 550 அளந்து, அந்த இடத்து மூடிகளை மட்டும் திறந்தேன். கேபிளை விரலால் நசுக்கிக்கொண்டே போனதில், ஒரு சாண் தூரத்துக்குள் ஓரிடம் உள்ளே வெறுமையாகத் தட்டுப்பட்டது. மேல் உறையை நீளவாக்கில் கீறி, பி ஜோடியின் ஒயரைத் தனியாக இழுத்ததும் அதன் இன்சுலேஷன் ரப்பர்போல நீண்டது. உள்ளே செம்பு இருந்தால் அப்படி நீளாது. வெட்டிப் பார்த்தபோது இழைகள் கறுத்து, முனை தேய்ந்து, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தன. மேல் உறையில் ஒரு கீறல்கூட இல்லை.

ஏன் அங்கே அறுந்தது என்பதற்குச் செயினுக்குள்ளேயே பதில் இருந்தது. போட்டிருந்தது கடையில் கிடைக்கிற சாதாரண நான்கு கோர் ஃப்ளெக்ஸிபிள் கேபிள், சுமார் 10 மி.மீ. தடிமன். அது அவ்வப்போது வளைக்கத்தான். நாள் முழுக்க ஒரே இடத்தில் மடங்கி நிமிர அல்ல. செயினின் மடிப்பு ஆரம் 38 மி.மீ. டிராக் செயினுக்கென்றே செய்த கேபிளுக்கே விட்டத்தைப்போல ஏழு முதல் பத்து மடங்கு ஆரம் கேட்பார்கள். இந்தத் தடிமனுக்கு நூறு மி.மீ. பக்கம் வேண்டும். ஸ்பிண்டிலுக்குப் போகும் தண்ணீர்க் குழாய் எக்ஸ் கேபிளை மடிப்பின் உள்பக்கம் தள்ளி வைத்திருந்தது, அதாவது ஆரம் இன்னும் குறைந்த பக்கம். போதாததற்கு நடுவில் ஒரு டை போட்டு இரண்டையும் இறுக்கியிருந்தார்கள். கல் சேறு செயினுக்குள் வடிந்து காய்ந்து, சில கண்ணிகள் அசையவே சிரமப்பட்டன. பக்கத்துக் கண்ணிகள் அந்த மடிப்பையும் சேர்த்துச் சுமந்திருக்கின்றன.

ஓட்டத்தில் ஃபேஸ் அறுந்து சேர்ந்துகொண்டிருந்தும் பழைய டிரைவர் பிழைத்தது அதிர்ஷ்டம்தான். கனெக்டரைப் பிடுங்கினால் வரும் அதே அடி, ஒவ்வொரு முறையும் அதற்கு விழுந்திருக்கிறது.

உறுதிசெய்தது

கேபிளைப் பார்த்த பிறகும், மேலே சொன்ன சோதனையை முழுசாகச் செய்தேன். பழைய மோட்டாரையும் பழைய டிரைவரையும் மாட்டி, ஷெட் கூரைக் குழாயில் கயிறு கட்டி, புதிதாக ஒரு தற்காலிகக் கேபிளைத் தொங்கவிட்டேன். ஸ்பிண்டிலில் டூலுக்குப் பதில் ஸ்கெட்ச் பேனா, மேசையில் அட்டை. முழு நீளக் கல்லின் நிரலை ஓட்டினேன். கடைசி வரி வரை எழுத்து நேராக வந்தது, பூஜ்ஜியத்துக்குத் திரும்பியதும் பேனா முதலில் வைத்த புள்ளியிலேயே நின்றது. பிறகு ஆஃப் செய்து, அறுந்த செயின் கேபிளின் முனைகளைத் தொட்டுச் சுற்றி, உறையை மூடி, பழையபடி செயினுக்குள் வைத்து ஓட்டினேன். ஒரு மீட்டரைத் தாண்டியதும் உதறியது. மறுபடி தற்காலிகக் கேபிள், மறுபடி சரி.

பட்டறைக்காரர் அறுந்த இடத்தில் ஒட்டுப் போட்டு அன்றைக்கே ஓட்ட முடியுமா என்று கேட்டார். மடிப்புக்குள் சால்டர் ஒட்டுப் போடக் கூடாது. ஈயம் ஏறிய இடம் விறைத்துவிடும், அதன் இரண்டு ஓரங்களிலும் செம்பு அறுபடும். ஒரு கோளாறு இரண்டாகும். அவசர ஆர்டருக்காகத் தொங்குகிற கேபிளோடேயே ஓட்டிக்கொள்ளச் சொன்னேன். பார்க்க அசிங்கம், ஆனால் நம்பகமானது.

டிராக் செயின் கேபிள் ஓசூரிலேயே கிடைத்தது. நாலு கோர், 1.5 சதுர மி.மீ., ஷீல்டு உள்ளது. ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்தேன். 75 மி.மீ. ஆரமுள்ள செயின் அந்தப் பக்கவாட்டில் இடித்துக்கொள்ளாமல் அடங்கியது. அதற்குமேல் பெரிதாக இடம் இல்லை. நூறு மி.மீ. இல்லைதான், ஆனால் புதிய கேபிளின் தயாரிப்பாளர் கேட்ட ஆரத்துக்குள் வருகிறது. தண்ணீர்க் குழாய்க்கு நடுவே தடுப்பு வைத்துத் தனி அறை. கேபிளுக்கு இரண்டு முனைகளில் மட்டும் கிளாம்ப், உள்ளே எங்கும் டை கிடையாது. சேறு வடிகிற பக்கம் ரப்பர் ஷீட் ஒன்றைத் தொங்கவிட்டார்கள்.

இசட் கேபிளும் அதே செயினில், அதே சாதாரண ரகம், அதே வயது. முள் மீட்டரில் அது இன்னும் அசையவில்லை. சேர்த்தே மாற்றச் சொன்னேன். ஓடுகிறதை ஏன் தொட வேண்டும் என்று பட்டறைக்காரர் தள்ளிவைத்திருக்கிறார். இசட்டில் ஃபேஸ் போனால் ஸ்பிண்டில் தன் கனத்திலேயே இறங்கிக் கல்லில் உட்காரும், எக்ஸைப்போல உதறிவிட்டு நிற்காது என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை வாரம் ஒருமுறை கேன்ட்ரியை முழு நீளத்துக்கும் ஊர்ந்து தள்ளி இசட் ஜோடிகளை அளப்பது தம்பியின் பொறுப்பு. முள் மீட்டரை அவனிடமே விட்டு வந்தேன். புதிய மோட்டாரும் டிரைவரும் உதிரியாக அலமாரியில் இருக்கின்றன. மோட்டாரின்மேல் “கறுப்பு–பச்சை ஏ, சிவப்பு–நீலம் பி” என்றும், டிரைவரின்மேல் “சுற்றுக்கு 1,600” என்றும் எழுதி ஒட்டியாயிற்று.